பழைய செங்கல் சுவரின் இடுக்குக்கு சிமெண்டா, சுண்ணாம்பா?

செட்டிநாட்டில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் முகப்புக்கும் வளவுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வார்கள். பின்கட்டுச் சுவரும் மதிலும் கடைசியில்தான் கண்ணில் படும். அங்கே பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே தெரியும். கல்லுக்குக் கல் நடுவில் இருக்கும் காரையை விரலால் கிளறினாலே பொலபொலவென்று கொட்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் பின்சுவருக்கும் மதிலுக்கும் இந்த இடுக்கு வேலையை, கொத்தனார்கள் சொல்லும் பாயிண்டிங்கை, செய்து முடித்தோம். அதற்கு முன் நாலு வழிகளை யோசித்தோம்: சிமெண்ட், சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை, சுர்க்கி, அதாவது செங்கல் பொடி போட்ட சுண்ணாம்புக் காரை, மூட்டையில் வரும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு. கடைசியில் எடுத்தது சுர்க்கிக் காரை. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

சிமெண்டுக்கு உள்ள நல்ல பெயரை மறுக்க முடியாது. தெருமுனைக் கடையில் கிடைக்கும், எல்லாக் கொத்தனாருக்கும் கை பழகியது, மறுநாளே கெட்டியாகிவிடும், கூலியும் குறைவு. சிமெண்டில் கட்டிய வீடு என்றால் இந்த விவாதமே வேண்டாம், சிமெண்டையே போடுங்கள். ஆனால் செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. இந்தியாவில் சிமெண்ட் ஆலை நிலைத்து ஓட ஆரம்பித்ததே 1914இல், போர்பந்தரில். அதற்கு முந்தைய சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரையில் நிற்பது. அதன் செங்கல்லும் அந்தக் காரைக்கு ஏற்ற மென்மையான கல்.

இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். சிமெண்ட் மூட்டையில் 43, 53 என்று அச்சடித்திருப்பது, அந்தச் சிமெண்டைச் சோதனைக் கலவையாக்கி 28 நாள் ஆறவிட்ட பின் அது தாங்க வேண்டிய அழுத்தம், மெகாபாஸ்கல் கணக்கில். செங்கல்லுக்கான இந்தியத் தரநிலையில் கடைசி வகுப்பு 3.5. நாம் போடும் கலவையில் மணல் அதிகம் என்பதால் 53 அப்படியே வராது. இருந்தாலும் கல்லை விட இடுக்கு கெட்டியாகிவிடும் என்பதில் சந்தேகமில்லை. வெயிலில் சுவர் விரிந்து இரவில் சுருங்கும்போது யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு என்றால் இடுக்கு விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் என்றால் கல் விட்டுக்கொடுக்கும்.

ஓதமும் இதே கதைதான். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு இடுக்கு வழியாக வெளியே ஆவியாகப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைப்பதால் ஈரம் கல்லின் முகம் வழியாகப் போகும். கூடவே வரும் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, முகத்தைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். இதெல்லாம் பலரும் எழுதியதுதான். எங்களை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை: அடுத்த முறை இந்த இடுக்கைப் பிரிக்கிறவர் என்ன பாடுபடுவார்?

எந்த இடுக்கும் சாசுவதம் இல்லை. இன்று போடுவதை என்றாவது ஒருநாள் ஒருவர் சுரண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் மதிலில் ஒரு பகுதிக்கு முந்தைய தலைமுறையில் யாரோ சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். மீதிப் பகுதியில் பழைய காரை அப்படியே இருந்தது. அதனால் இரண்டையும் பிரிப்பதை அடுத்தடுத்து நின்று பார்க்கக் கிடைத்தது.

காரை இருந்த பக்கம் கொத்தனார் முனை வளைத்த ஒரு கம்பியை வைத்தே வேலையை முடித்தார். கம்பியை இடுக்கில் விட்டு இழுத்தால் பழுப்புத் தூளாகக் கொட்டும். நடுநடுவே கடுகு அளவில் வெள்ளை வெள்ளையாகச் சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டிகள். கல்லின் விளிம்பு கத்திமுனை மாதிரி அப்படியே நின்றது. சிமெண்ட் பக்கம் போனதும் உளியும் சுத்தியலும் வந்தன. ஒரு அடி விழுந்தால் சிமெண்ட் பட்டையாகப் பெயரும், அதோடு ஒட்டிக்கொண்டு கல்லின் விளிம்பும் வரும். பெயர்ந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக, செங்கல்லின் தோலையே உரித்து எடுத்ததுபோல் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பழைய காரை ஈரமாக, வெள்ளை உப்பு பூத்துக் கிடந்தது. “எடுக்கலாம் தம்பி. ஆனா கல்லு நிக்காது” என்றார் கொத்தனார். கட்டர் மிஷின் வைத்து அறுக்கலாமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். பழைய கல் பட்டையானது, இடுக்கும் குறுகலானது. தகடு ஒரு நூல் விலகினாலும் மேல்கல்லும் கீழ்க்கல்லும் காயப்படும் என்றார்.

அந்தப் பகுதியில் பல கற்களைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது, சிலவற்றை மாற்றவே வேண்டியிருந்தது. அந்த அளவுக் கல் இப்போது சூளையில் அறுப்பதில்லை, இடித்த வீட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். அங்கேயும் இதே கணக்குதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரை இடித்தால் கல் முழுசாகக் கழன்று வரும், தட்டிச் சுத்தம் செய்து மறுபடி கட்டலாம், விற்கலாம். சிமெண்ட் ஒட்டிய கல்லை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. பங்காளிகள் பலர் சேர்ந்து வைத்திருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். இன்று நாம் மிச்சம் பிடித்த கூலியை நாளைக்கு இன்னொரு பங்காளி கல்லாகக் கொடுக்க வேண்டிவரும்.

சிமெண்டையும் சுண்ணாம்பையும் சேர்ப்பது, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல், நடுவழி போலத் தெரியும். வெறும் சிமெண்டை விட மென்மையானது என்பது உண்மைதான். பிற்காலத்தில் சூளையில் நன்றாக வெந்த கெட்டிக் கல்லில் எழுந்த சுவருக்குப் பொருந்தலாம். மென்மையான பழைய கல்லுக்கு இதுவும் கெட்டிதான் என்று எங்களுக்குப் பட்டது, அதனால் விட்டுவிட்டோம்.

இனி நாங்கள் போட்ட காரை. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த சுர்க்கி ஒரு பங்கு, உப்பில்லாத மணல் இரண்டு பங்கு. சுர்க்கிக்கு மிதமாக வெந்த செங்கல்தான் வேண்டும். கருகக் கருக வெந்த கல்லின் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது, வெறும் மணலாகவே கிடக்கும். சுண்ணாம்பு சூளையிலிருந்து வந்த சூட்டோடு நீற்றியதாக இருக்க வேண்டும். வெள்ளையடிக்கக் கடையில் நாள்பட்டுக் கிடக்கும் தூள் காற்றை வாங்கிப் பாதி செத்துப்போயிருக்கும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் சேர்த்தோம். அது கொத்தனாரின் வழக்கம், நான் தடுக்கவில்லை. அதனால் எவ்வளவு பலன் என்று எங்கள் சுவரை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வேலையின் பாதி உயிர் தயாரிப்பில் இருக்கிறது. இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது ஆழமாகச் சுரண்ட வேண்டும். அரை அங்குல இடுக்கு என்றால் ஒரு அங்குலம். தூசி போகக் கழுவி, சுவர் குடிக்கிற அளவு தண்ணீர் காட்டி, கல் மினுமினுப்பு அடங்கியதும் காரையை அழுத்தித் திணிக்க வேண்டும். விளிம்பு மழுங்கிய கல் என்றால் காரையைக் கல்லின் மேல் இழுத்துத் தடவாமல் கொஞ்சம் உள்வாங்கி நிறுத்துங்கள். பார்க்க வழவழப்பாக இருக்கிறதே என்று மேலே தடவினால் அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் பெயர்ந்து தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

அப்புறம் ஈரச் சாக்கு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாவதற்கு ஈரம் வேண்டும். அதுவும் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத்தான் போகும், ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் போட்டால் இறுகுவதற்கு முன்பே காய்ந்து மாவாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கரைத்துவிடும். தை பிறந்ததிலிருந்து பங்குனிக்குள் முடிப்பது நல்லது. கூலியும் நாளும் சிமெண்டை விட நன்றாகவே கூடும், அதை மறைக்க விரும்பவில்லை.

இங்கிலாந்தில் பழைய செங்கல் வீட்டில் இருக்கும் உறவினர் ஒருவரும் இதே கேள்வியோடு இருக்கிறார். அங்கே 1919க்கு முன் கட்டிய வீடு என்றால் சுண்ணாம்புச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். நமக்கு உப்பு செய்கிற வேலையை அங்கே பனி செய்கிறது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். சிமெண்ட் இடுக்கு அடைத்து வைத்த ஈரம் கல்லுக்குள் உறைந்து முகத்தைப் பிளந்துவிடும். புதுக் காரை இறுகும் முன் உறைந்தாலும் நொறுங்கிப்போகும் என்பதால், வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் அங்கே சுண்ணாம்பு வேலையைத் தொடுவதில்லை. வெயிலுக்குச் சாக்கு நனைக்கும் நமக்கும் குளிருக்குச் சாக்குப் போர்த்தும் அவர்களுக்கும் காலண்டர்தான் தலைகீழ்.

அங்கே பலரும் எடுப்பது நாலாவது வழியான ஹைட்ராலிக் சுண்ணாம்பு. தண்ணீர் பட்டே ஓரளவு இறுகும் என்பதால் சீக்கிரம் வேலையாகும். இறுகும் வலுவை வைத்து 2, 3.5, 5 என்று மூன்று வகை. மென்மையான பழைய கல்லுக்கு 2 அல்லது 3.5 போதும், 5 எப்போதும் ஈரம் படும் இடங்களுக்கு. நான் கையில் தொட்டு வேலை வாங்கியதில்லை. நம்மூருக்கு வரவழைக்கும் செலவைக் கேட்டதும் விட்டுவிட்டோம். அவசரமாக முடிக்க வேண்டிய சுவர், நீற்ற இடமில்லாத வீடு என்றால் அதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

எங்கள் காரை இதுவரை பார்த்தது சில மழைக்காலம் மட்டுமே. கொட்டாமல் நிற்கிறது, பின்கட்டின் உள்பக்கம் ஓதத் திட்டு சிறுத்திருக்கிறது. மதிலின் அடிவரிசையில், தெருத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில், லேசாக அரிக்க ஆரம்பித்திருக்கிறது. அதைக் கம்பியால் சுரண்டி மறுபடி அடைக்க ஒரு ஆளுக்கு அரைநாள் வேலை என்கிறார் கொத்தனார். மிச்சம் வைத்த நீற்றிய சுண்ணாம்பு, தண்ணீர் மூடி, பின்கட்டில் வாளியில் இருக்கிறது. தை மாதம் வரச் சொல்லியிருக்கிறோம்.