கருவேல முள்ளுக்கு எதிரே டியூப்லெஸ் டயர்: மதுரைப் பக்கம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மதுரைக்கு மேற்கே மலைச் சைக்கிள் ஓட்டும் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் பஞ்சரில்தான் போய் நிற்கும். சஸ்பென்ஷன், கியர், பிரேக் எல்லாம் அப்புறம். நாகமலை அடிவாரமோ, கீழக்குயில்குடிச் சமணர் மலையைச் சுற்றும் பாதையோ, கண்மாய்க் கரைகளோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேலம். அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. பல இடங்களில் வெட்டவும் வெட்டினார்கள். வேரோடு எடுக்காத இடமெல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. வெட்டிப் போட்ட காய்ந்த கிளை டயருக்கு இன்னும் மோசம். பச்சை முள் கொஞ்சம் வளைந்தாவது கொடுக்கும், காய்ந்த முள் ஆணி மாதிரி ஏறும். மழை விட்டதும் வரப்போரங்களில் நெருஞ்சி வேறு.

இந்த முள்காட்டுக்காக நான் மாட்டியிருப்பது டியூப் இல்லாத டயரும், அதற்குள் துளையைத் தானாக அடைக்கும் ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் சீலன்ட் திரவமும். 29 அங்குல ஹார்ட்டெயில் வண்டி (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது), மேக்சிஸ் ஆர்டென்ட் 2.25 அங்குல டயர், உள்ளகலம் 25 மி.மீ. உள்ள டியூப்லெஸ் ரெடி ரிம், அதாவது டியூப் இல்லாமல் ஓட்டத் தோதாகச் செய்த ரிம். கோடையையும் மழையையும் பார்த்துவிட்ட பிறகு எழுதுகிறேன். டியூப்பை விட்டு இதற்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மண்ணிலும் கண்மாய்க் கரையிலும் வாரா வாரம் ஓட்டுகிறீர்கள் என்றால் தயங்காமல் மாறுங்கள். ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு மாறாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது நடக்காது.

டியூப் இல்லாத டயர் மலைச் சைக்கிளுக்கு வந்தது 1999-ல். மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்த அந்த முறைக்கென்றே செய்த தனி ரிம்மும் தனி டயரும் வேண்டும். 2001-ல் தொடங்கிய ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ், ரிம்மின் உட்புறம் ஒட்டும் டேப்பும் ஒரு வால்வும் கொஞ்சம் திரவமும் இருந்தால் கையில் இருக்கும் சக்கரத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்று காட்டியது. அமெரிக்காவின் வறண்ட தென்மேற்கில் சைக்கிள்காரர்களுக்குப் பெரிய தொல்லையாக இருக்கும் முள் நம் நெருஞ்சியேதான், அதே செடி. அந்த ஊர்க்காரர்கள் இந்தத் திரவத்தைக் கொண்டாடியதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை.

சீலன்ட் என்பது பால் போன்ற லேட்டக்ஸ் திரவம், உள்ளே நுண்ணிய துகள்கள் கலந்திருக்கும். முள்ளைப் பிடுங்கியதும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். கூடவே போகும் திரவம் துளையில் சிக்கி உறைகிறது. துளை தரைப் பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, சில நொடிகள் அப்படியே வைத்து, பிறகு ஒரு சுற்றுச் சுற்றினால் சீறல் அடங்கிவிடும். சுமார் 6.5 மி.மீ. வரையிலான துளையை அடைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. கருவேல முள் போடும் துளை அதில் பாதிகூட வராது. அதனால் முள் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. பல தடவை வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போதுதான், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து, வழியில் முள் ஏறியிருப்பதே தெரிகிறது.

பஞ்சரைத் தவிர இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டியூப் போட்டு ஓட்டும்போது காற்றழுத்தத்தை 35 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கப் பயமாக இருக்கும். பாறை விளிம்பில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும். டியூப்பே இல்லாதபோது அந்தக் கவலை போய்விடுகிறது. என் எடை எழுபது கிலோவை ஒட்டி. முன்னால் 22, பின்னால் 25 வைக்கிறேன். சமணர் மலை அடிவாரத்தின் வழுவழுப்பான பாறையிலும், அதற்கப்புறம் வரும் உதிரிச் சரளையிலும் டயர் தரையைப் பிடிக்கும் விதமே வேறு. முன்சக்கரம் திடீரென்று வழுக்கிக்கொண்டு போகும் அந்தத் திகில் வெகுவாகக் குறைந்துவிட்டது. பஞ்சரே ஆகாத ஊரில் இருந்தாலும் இதற்காகவே மாறுவேன்.

பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி இந்த அழுத்தங்களை வைக்க முடியாது. கையடக்க டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசம் இந்த அளவில் நன்றாகவே தெரியும்.

இனி மாட்டும் வேலை. தொண்ணூறு சதவீதத் தொல்லை சீலன்ட்டில் இல்லை, டேப்பில்தான் இருக்கிறது. ரிம்மின் உள்ளகலத்தைவிட இரண்டிலிருந்து ஐந்து மி.மீ. அகலமான டேப் வேண்டும். எனக்கு முதலில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அளவே எடுக்காமல் 21 மி.மீ. டேப்பை ஒட்டிக் கொடுத்தார்கள். ஸ்போக் துளைகள் வழியாகக் காற்று கசிந்து, காலையில் டயர் தரையோடு கிடந்தது. திரவம் சரியில்லை என்று அவர்கள் சொன்னார்கள். டேப்பை உரித்து, ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, 28 மி.மீ. டேப்பை நானே இழுத்து ஒட்டினேன், கசிவு நின்றது. வால்வு துளைக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, துளையைத் தாண்டி ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டினால் சுருக்கம் விழாது. எலெக்ட்ரீஷியன் டேப்பை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வெயிலில் அதன் பசை இளகி நகர்ந்துவிடும், அந்த யோசனையே வேண்டாம்.

வால்வுக்குக் கோணூசியைச் சூடாக்கிச் சின்னதாக ஒரு துளை போடுங்கள். பிளேடால் கீறினால் கீறல் ஓடிக்கொண்டே போகும். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம். காட்டுக்குள் என்றைக்காவது டியூப் போட வேண்டி வந்தால் அந்த நட்டை விரலால் கழற்ற முடியவேண்டும்.

டயர் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று போகவேண்டும். வீட்டு பம்ப்பில் சில டயர் உட்காரும், சில உட்காராது. விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு, இரு சக்கர வண்டிப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோவது என் வழக்கம். செக்கானூரணியில் நான் போகும் கடைக்காரர் முதல் தடவை சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், டியூப்பைக் காணோம்?"

"டியூப் கிடையாதுண்ணே. பைக் மாதிரிதான், காற்றை மட்டும் வேகமா விடுங்க."

"சைக்கிளுக்கா? சரி, எட்டி நில்லுங்க."

டப் டப்பென்று விளிம்பு உட்கார்ந்த சத்தத்தில் அவருக்கும் சந்தோஷம். அங்கே போகும்போது பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு கொண்டு போகவேண்டும். நம் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அவர்கள் குழாய் பிடிக்காது. அடாப்டரின் மரை வால்வு கோரின் (வால்வுக்குள் திருகியிருக்கும், கழற்றக்கூடிய உட்பகுதி) மேல்தான் ஏறும், அதனால் கோரைக் கழற்றாமல் அதன் தலையை மட்டும் தளர்த்தி வையுங்கள். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்ட விடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். பைக் டயர் பழக்கத்தில் அவர்கள் கை தாராளமாக இருக்கும்.

விளிம்பு உட்கார்ந்த பிறகு காற்றை இறக்கி, கோரைக் கழற்றி, வால்வு வழியாகவே சீலன்ட்டை ஊற்றலாம். பாட்டிலை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். துகள்கள் அடியில் தங்கிவிட்டால் வெறும் பால்தான் உள்ளே போகும், துளை அடைபடாது. என் அளவு டயருக்கு 90-லிருந்து 120 மி.லி. நான் 120 ஊற்றுகிறேன், முள்காட்டில் கஞ்சத்தனம் கூடாது. கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயமாக. சட்டையில் பட்டுக் காய்ந்தால் போகவே போகாது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு முதல் ஏழு மாதம் தாங்கும் என்று நிறுவனம் சொல்வதில் நம் ஊருக்குப் பொருந்துவது அந்த இரண்டுதான். இது இந்த ஒரு பொருளின் குறை அல்ல. லேட்டக்ஸ் திரவங்கள் எல்லாமே சூட்டில் சீக்கிரம் வற்றும். பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி வரை ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன், மற்ற நாளில் இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை. பார்ப்பதற்கு டயரைக் கழற்ற வேண்டாம். வால்வு கீழே வரும்படி வைத்துச் சற்று நேரம் விட்டு, பிறகு வால்வைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து காற்றை இறக்கி, கோரைக் கழற்றுங்கள். வால்வை மறுபடி கீழே கொண்டுவந்து, ஒரு மெல்லிய கேபிள் டையை டயரின் அடிவரை உள்ளே விட்டு எடுத்தால் நனைந்து வருகிறதா, காய்ந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். காய்ந்து வந்தால் 60 மி.லி. சேர்த்துவிடுங்கள். வண்டியை வெயிலில் நிறுத்தும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வால்வு கோர் அடைத்துக்கொள்வது அடுத்த அன்றாடத் தொல்லை. பம்ப் அடிக்கிறோம், மீட்டர் ஏறுகிறது, டயர் ஏறவில்லை என்றால் கோரில் லேட்டக்ஸ் கட்டியிருக்கிறது என்று பொருள். ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்யலாம், ஆனால் மாற்றுக் கோர் இரண்டு பையில் வைத்திருப்பது மேல். காற்றடிக்கும்போது வால்வை அடியில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் இருந்தால் திரவம் அதற்குள் இறங்காது. கார்பன் டை ஆக்சைடு குப்பி வைத்திருக்கும் நண்பர்கள் அதை இந்த டயருக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, திரவம் உள்ளேயே கட்டிதட்டிப்போகும். கைப்பம்ப் போதும்.

முள்ளை அடைக்கும் திரவம் கல் கிழித்த கிழிசலை அடைக்காது. சிறுமலைப் பக்கம் போகும்போது கூர்மையான கல் விளிம்பு டயரைக் கீறிவிடுவது உண்டு. நடுப்பகுதியில் கீறல் என்றால் ஒட்டும் ரப்பர் திரியை உள்ளே திணித்து ஓட்டிவிடலாம். சைக்கிளுக்கென்று வரும் மெல்லிய திரியையும் ஊசியையும் வாங்குங்கள். பைக் கடையில் இருக்கும் தடித்த ஊசி நம் டயரின் ஓட்டையை இன்னும் பெரிதாக்கிவிடும். பக்கவாட்டில் கிழிந்தால் திரி நிற்காது. உள்ளே பழைய டயர்த் துண்டையோ, காலியான பற்பசைக் குழாயை வெட்டியோ வைத்து, டியூப் போட்டுத்தான் வீடு வர வேண்டும். ஆகவே மாற்று டியூப் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

டியூப் போடும்முன் செய்தாக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சில மாதம் ஓடிய டியூப்லெஸ் டயரின் உட்புறம் முழுக்க ஒடிந்த முள் முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். அடைபட்டுவிட்டதால் அவை இருப்பதே நமக்குத் தெரியாது. அப்படியே புது டியூப்பைத் திணித்தால் நூறடி தாண்டுவதற்குள் இறங்கிவிடும். என் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தவர். வெறும் விரலை டயருக்குள் விடவே விடமாட்டார். பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்ளே ஒரு சுற்று ஓட்டுவார். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். அதே முறையைத்தான் நானும் செய்கிறேன். துணியோடு சின்னக் குறடு ஒன்றும் பையில் இருந்தால் முனைகளை உள்பக்கமாகவே பிடுங்கிவிடலாம்.

விலை அதிகம்தான். 59 மி.லி. சிறு பாட்டிலாக வாங்கினால் கட்டுப்படியாகாது. 946 மி.லி. பாட்டிலை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். எட்டுச் சக்கரத்துக்கு ஒரு தடவை ஏறத்தாழச் சரியாக வரும். பிரிக்கும்போதும் குலுக்கிக் குலுக்கி ஊற்றவேண்டும், இல்லையென்றால் துகள் எல்லாம் கடைசி ஆளுக்குப் போய்விடும். வற்றிப்போன பழைய லேட்டக்ஸ் தோலை உரித்தெடுத்து வீட்டுக் குப்பையில் போடுங்கள். கண்மாய்க் கரையில் உரித்து எறிவதைப் பார்த்திருக்கிறேன், மனசு பொறுக்கவில்லை.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கும், மாதம் ஒரு தடவை வண்டியை எடுப்பவர்களுக்கும் இதை நான் சொல்லமாட்டேன். நின்ற இடத்திலேயே திரவம் வற்றும், காசு வீண். ரிம்மில் டியூப்லெஸ் ரெடி என்று எழுதியிராத பழைய வண்டிக்காரர்களும் பொறுங்கள். டேப் ஒட்டிச் சமாளித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், குறைந்த அழுத்தத்தில் திருப்பத்தில் விளிம்பு விலகிக் காற்று பொசுக்கென்று போய்விடும் ஆபத்து அதில் கூடுதல். அவர்களுக்கு என் யோசனை, டியூப்பை வைத்துக்கொண்டே தடித்த டயருக்கு மாறுவதும், கழற்றக்கூடிய கோர் உள்ள டியூப் வாங்கி அதற்குள் கொஞ்சம் சீலன்ட் ஊற்றுவதும். அழுத்தத்தைக் குறைக்கும் சுகம் அதில் கிடைக்காது. நெருஞ்சி முள்ளுக்கு மட்டும் நன்றாகவே கேட்கும்.