பில் கணக்கின் நகல்: ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா?

திருகோணமலை நகரில் கடை வைத்திருப்பவர்களும் நிலாவெளியில் விடுதி நடத்துபவர்களும் அடிக்கடி கேட்பது இது.

செலவு
டிஸ்க்: ஒருமுறை வாங்கினால் சரி.
கிளவுட்: மாதக் கட்டணம். கூகுளில் 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் அதற்குள்தான்.

வேகம்
டிஸ்க்: 20 ஜிபி சில நிமிடங்கள்.
கிளவுட்: 5 எம்பிபிஎஸ் அப்லோடில் அதே 20 ஜிபி ஏற 9 மணி நேரம், இரவில் ஓடவிடுங்கள்.

ஆயுள்
டிஸ்க்: உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பையுடன் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.
கிளவுட்: இந்தத் தொல்லை இல்லை.

ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) வந்தால் இரண்டும் சறுக்கும். செருகியபடியே விட்ட டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரில் பூட்டிய கோப்பே மேலே ஏறி நல்லதை மூடிவிடும். கூகுள் டிரைவ் பழைய பதிப்புகளைப் பொதுவாக 30 நாள்தான் வைத்திருக்கும். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமான பிழை: பில் மென்பொருள் திறந்திருக்கும்போதே டேட்டாபேஸ் கோப்பை நகலெடுப்பது. அரைகுறையாக வரலாம். மென்பொருளிலேயே உள்ள ‘பேக்கப்’பை அழுத்தி, வரும் கோப்பை நகலெடுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை!

ஒற்றைக் கவுண்டர் கடைக்கு இரண்டு டிஸ்க் போதும்: வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் வீட்டில். வெளியிலிருந்தும் புக்கிங் பார்க்கும் விடுதிக்குக் கிளவுட், இருபடி உள்நுழைவோடு (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை). விருந்தினரின் பாஸ்போர்ட் நகல்களைக் கடவுச்சொல்லிட்டு ஜிப் செய்தபின்பே ஏற்றுங்கள்.