ஜார்ஜியா டெக் சிஎஸ் 6310: யார் எடுக்கலாம், மார்க் எங்கே போகும்

சாஃப்ட்வேர் ஆர்கிடெக்சர் என்றதும் நம்மவர்களுக்கு மனதில் வருவது மைக்ரோசர்வீஸ், காஃப்கா, லோட் பேலன்சர், ஏடபிள்யூஎஸ் ஐகான்கள் ஒட்டிய படம். அதை எதிர்பார்த்து, அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ‘சாஃப்ட்வேர் ஆர்கிடெக்சர் அண்ட் டிசைன்’ பாடத்தை எடுத்தால் மூன்றாவது வாரத்திலேயே சலித்துவிடும். இது கிளவுட் பாடம் அல்ல, இன்டர்வியூவுக்கான சிஸ்டம் டிசைன் பயிற்சியும் அல்ல. வாடிக்கையாளர் சொன்ன ஒன்றரைப் பக்க விவரத்தைப் பிழையில்லாத மாடலாக, அதாவது எந்தெந்தப் பொருள்கள், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் படமாக மாற்றத் தெரிகிறதா என்பதுதான் இதில் பார்க்கப்படுவது.

பின்னணி சுருக்கமாக: இந்தப் பாடம் இடம்பெறும் ஓஎம்எஸ்சிஎஸ், அதாவது ஆன்லைன் கணினி அறிவியல் எம்எஸ், 2014 ஜனவரியில் ஆன்லைன் பாடத் தளமான யுடாசிட்டி, தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி கூட்டுடன் தொடங்கியது. பட்டத்துக்கு 10 பாடங்கள், 30 கிரெடிட். தொடங்கியபோது மொத்தச் செலவு 7,000 டாலர் அளவில் என்றார்கள். இப்போதைய கட்டணத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டுக்கு இவ்வளவு என்பதோடு ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று இழுத்தால் அந்தத் தொகையைப் பத்து முறை கட்ட நேரும்.

வீடியோக்கள் ஸ்பென்சர் ருகாபர் தயாரித்தவை. யுடாசிட்டியில் இலவசமாகவும் கிடைத்தன. பேச்சு நிதானம், 1.5 வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் விட்டுப்போகாது. யுஎம்எல் (மென்பொருளைப் படமாக வரையும் முறை), ஓசிஎல் (அந்தப் படத்துக்கான நிபந்தனைகளை எழுதும் மொழி), ஆர்கிடெக்சர் ஸ்டைல்கள், பகுதிகளை இணைக்கும் கனெக்டர்கள், ஆக்மி, நிரல்களுக்கு நடுவில் நிற்கும் மிடில்வேர் என்று போகிறது. ஆக்மி என்பது கார்னெகி மெலனில் உருவான ஆர்கிடெக்சர் விவரிப்பு மொழி. வேலையிடத்தில் அதை யாரும் கேட்கப்போவதில்லை, ஒரு தடவை பார்த்தால் போதும். நேரத்தைப் போடவேண்டிய இடங்கள் இரண்டு: பொருள்களின் வகைகளையும் (கிளாஸ்) அவற்றின் உறவுகளையும் காட்டும் கிளாஸ் டயகிராமும், கீழே சொல்லும் க்விக் பயிற்சியும்.

கிளாஸ் டயகிராமில் எங்கே சறுக்குகிறது? பேருந்து முன்பதிவை எடுத்துக்கொள்வோம். விவரத்தில் உள்ள பெயர்ச்சொற்களைக் கோடிட்டால் பேருந்து, இருக்கை, பயணி, கட்டணம், டிக்கெட் கிடைக்கும். பெரும்பாலோர் இருக்கை கிளாஸுக்குள் ‘பதிவானதா’ என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) வைத்துவிடுவார்கள். அங்கேயே மாடல் உடைகிறது. அதே பேருந்து நாளைக்கும் ஓடும். 14ஆம் நம்பர் இருக்கை இன்று நிரம்பியது, நாளை காலி. பதிவு என்பது இருக்கையின் குணம் அல்ல, ஒரு குறிப்பிட்ட பயணத்துக்கும் இருக்கைக்கும் இடையிலான உறவின் குணம். ‘பயணம்’ என்ற கிளாஸ் விவரத்தில் வெளிப்படையாக இருக்காது, நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் டிக்கெட் அந்த உறவின் விவரங்களைத் தாங்கும் அசோசியேஷன் கிளாஸாக உட்காரும். கட்டணமும் பேருந்தை விட்டுப் பயணத்துக்கு நகரும், தீபாவளிக்கு ஏறும் விலை என்றால் வேறு எங்கே வைப்பது?

அடுத்தது எண்ணிக்கைக் குறிகள். 0..1 (ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) என்பதற்கும் 1 (ஒன்று கட்டாயம்) என்பதற்கும் உள்ள வேறுபாடு சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு பயணத்துக்கு ஓட்டுநர் 1 என்று போட்டால், ஓட்டுநர் முடிவாகாத பயணத்தை அட்டவணையில் சேர்க்கவே முடியாது. முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள உறவு இறுக்கமானதா (கறுத்த வைரக் குறி) தளர்வானதா (வெள்ளை வைரக் குறி) என்று மணிக்கணக்கில் வாதாடும் குழுக்கள் இந்த எண்களைக் கவனிக்காமல் விட்டுவிடும். அனாலிசிஸ் படத்தில் அர்ரேலிஸ்ட், கெட்டர், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எல்லாம் நுழைவதும் வழக்கமான தப்பு. அவை டிசைன் கட்டத்துக்கு உரியவை.

ஓசிஎல்லைப் பார்த்து அனுபவமுள்ளவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘ஒரே பயணத்தில் ஒரு இருக்கைக்கு இரண்டு டிக்கெட் கூடாது’ என்பது பயணம் கிளாஸில் ஒரு வரி இன்வேரியன்ட் (எப்போதும் உண்மையாக இருக்கவேண்டிய நிபந்தனை); திரும்ப வராததைச் சரிபார்க்கும் ஈஸ்-யூனிக் போதும். சிக்கல் போஸ்ட்-கண்டிஷனில், அதாவது ஒரு செயல் முடிந்ததும் உண்மையாக இருக்கவேண்டிய நிபந்தனையில். பணம் எடுக்கும் ஆப்பரேஷனுக்கு ‘புதிய இருப்பு = பழைய இருப்பு − தொகை’ என்று எழுதும்போது, ஜாவா பழக்கத்தில் அந்த ‘=’ ஒரு கட்டளையாகத் தோன்றும். ஓசிஎல்லில் அது சரிபார்ப்பு மட்டுமே, எதையும் மாற்றாது. இன்னொன்று, மாறாதவற்றைப் பற்றி அந்த வரி மௌனமாக இருக்கிறது. கணக்குதாரரின் பெயரை அழித்துவிட்டு இருப்பை மட்டும் சரியாகக் குறைக்கும் நிரலும் அந்த நிபந்தனையில் தேறிவிடும்! எது மாறக்கூடாதோ அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

க்விக், கணினி விஞ்ஞானி டேவிட் பார்னஸ் நிரலை மாட்யூல்களாகப் பிரிப்பது பற்றி 1972இல் எழுதிய கட்டுரையின் உதாரணம். வரிகளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை எடுத்துக் கடைசியில் போட்டுக்கொண்டே போய், கிடைத்த எல்லா வரிகளையும் அகரவரிசைப்படுத்தும் சின்ன நிரல். இதையே பொது நினைவகம் (எல்லா மாட்யூலும் ஒரே தரவைத் தொடுவது), ஏடிடி (தரவை ஒரு மாட்யூலுக்குள் மறைப்பது), ஈவென்ட் வழி அழைப்பு (தரவு மாறியதும் அடுத்த மாட்யூல் தானே இயங்குவது), பைப்-ஃபில்டர் (ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாவது) என்று நான்கு விதமாகக் கட்டிப் பார்க்கலாம். பைப்-ஃபில்டரில் ‘தி’, ‘ஆஃப்’ போன்ற சொற்களில் தொடங்கும் வரிகளை நீக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஃபில்டர் செருகினால் முடிந்தது. பயனர் உட்கார்ந்து ஒரு வரியை அழிக்க வேண்டும் என்று கேட்டால் அதே அமைப்பு கையை விரிக்கும். பொது நினைவகத்தில் வேகம் உண்டு, ஆனால் வரிகளைச் சேமிக்கும் முறையை மாற்றினால் எல்லா மாட்யூலையும் தொட வேண்டும். ஏடிடியில் ஒன்றைத் தொட்டால் போதும். பாடத்தின் மொத்த மதிப்பும் இங்கேதான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். வீடியோவைப் பார்த்துத் தலையாட்டினால் ஒட்டாது. நான்கையும் ஜாவாவில் எழுதுங்கள், ஒவ்வொன்றும் 150 வரிக்குள் முடியும்.

குழு வேலைதான் இந்தப் பாடத்தின் பலவீனமான பக்கம். பிராஜெக்ட் பருவத்துக்குப் பருவம் மாறும், கெட்டுப்போகும் விதம் மாறுவதில்லை. முதல் வாரம் எல்லோரும் சேர்ந்து படம் வரைவார்கள். பிறகு நிரல் தன் போக்கில் வளரும், படம் பழையபடியே கிடக்கும், கடைசி இரவில் இரண்டும் இரண்டு வேறு சிஸ்டமாக நிற்கும். இதற்குக் கைகண்ட வழி, படத்தை பிளான்ட்-யுஎம்எல் போன்ற எழுத்து வடிவில், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலேயே வைப்பது. கிளாஸ் பெயர் மாறும் கமிட்டிலேயே (பதிவிலேயே) படமும் மாறவேண்டும், இல்லாவிட்டால் மெர்ஜ் (பொது நிரலில் சேர்ப்பது) கிடையாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய டாக்கர் இமேஜை வேறொருவர் கணினியில், கேஷ் (முன்பு சேமித்த பகுதிகள்) இல்லாமல், சமர்ப்பிப்பதற்கு இரண்டு நாள் முன்பே பில்ட் செய்து பாருங்கள். எம்1 சிப் உள்ள மேக்கில் ஓடியது இன்டெல் கணினியில் ஓடாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அட்லாண்டா ஞாயிறு இரவு 11:59 என்றால் நமக்குத் திங்கள் காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் 10:29 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 9:29. வசந்தப் பருவத்தில் நடுவிலேயே ஒரு மணி நேரம் காணாமல் போகும் என்பதால், காலை மீட்டிங்குக்கு முன் முடித்துவிடலாம் என்று வைத்திருக்கும் பழக்கம் மார்ச்சில் காலை வாரும்.

ஜாவாவில் இன்டர்ஃபேஸுக்கும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் முதலில் சிஎஸ் 6300 (மென்பொருள் உருவாக்க முறை பற்றிய பாடம்) எடுப்பது நல்லது. கிட், ஜாவா நிரலைச் சோதிக்கும் ஜேயூனிட், அடிப்படை யுஎம்எல் அங்கேயே வந்துவிடும். பத்து வருடமாக டிசைன் ரிவ்யூ செய்பவர்களுக்கு க்விக்கும் ஓசிஎல்லும் தவிரப் புதிதாக அதிகம் இல்லை, வீடியோவே போதும். இரண்டு முதல் ஆறு வருட அனுபவம், வாரம் 10 மணி நேரம் ஒதுக்க முடியும் என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். கோடைப் பருவம் மட்டும் வேண்டாம், வாரங்கள் குறைவு. சேர்ந்த பிறகு சரிவராது என்று தோன்றினால் பதிவுக்கான முதல் வாரத்துக்குள் விலகுங்கள். அதைத் தாண்டினால் டிரான்ஸ்கிரிப்ட்டில் விலகியதைக் காட்டும் ‘டபிள்யூ’ ஏறிவிடும்.