கலர் ஷீட் கூரை: சேலத்துக்கு ஒரு கணக்கு, ஏற்காட்டுக்கு ஒரு கணக்கு

பழைய ஓட்டையோ சிமெண்ட் ஷீட்டையோ கழற்றிவிட்டுக் கூரை மாற்றலாம் என்று கடைக்குப் போனால் முதலில் வரும் பதில், "0.50 கலர் ஷீட் போட்டுருங்க, அப்புறம் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல" என்பதுதான். ஷீட்டைப் பொறுத்தவரை அது தப்பான பேச்சு இல்லை. நல்ல சரக்கை முறையாகப் போட்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கூரை ஒழுகுவதும் காற்றில் தூக்குவதும் பெரும்பாலும் ஷீட்டின் குற்றமாக இருப்பதில்லை. திருகு, முகடு, சுவரோரம் இந்த மூன்றில்தான் வம்பு தொடங்குகிறது. இவற்றைப் பற்றிக் கடைக்காரரும் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

முதலில் சரக்கு. 0.50 என்று சொல்லப்படுவது பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடிமன், மில்லிமீட்டரில். உள்ளே இருக்கும் இரும்பு 0.43 முதல் 0.45 வரைதான். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. 0.40 ஷீட்டை 0.50 என்று விற்பதுதான் ஏமாற்று. அதைக் கண்டுபிடிக்க மைக்ரோமீட்டர் வேண்டாம், எடைபோட்டாலே போதும். மூன்றரை அடி அகலத்தில் 12 அடி நீளமுள்ள 0.50 ஷீட் சுமார் 16 கிலோ நிற்கும். 13 கிலோவுக்குள் நின்றால் அது 0.40. ஒரே ஷீட்டை எடைபோடாமல் நாலைந்தைச் சேர்த்துப் போட்டு வகுத்துப் பாருங்கள்.

பூச்சில் இரண்டு வகை. ஒன்று வெறும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. மற்றது 55 சதவீதம் அலுமினியமும் மீதி துத்தநாகமும் கொஞ்சம் சிலிக்கானும் கலந்த பூச்சு. கடையில் இதை கேல்வல்யூம் என்பார்கள். இரண்டின் மேலும் ஒரே நிறத்தில் பெயிண்ட் இருப்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு இரண்டாவதைத்தான் கேளுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு இருக்க வேண்டும், ஐ.எஸ். 15965 தரம் என்று பில்லில் எழுதித் தர வேண்டும். டாடா புளூஸ்கோப்பின் டியூராஷைன், ஜே.எஸ்.டபிள்யூ.வின் கலரான் பிளஸ் இரண்டும் இந்த வகைதான். மாட்டுக் கொட்டகைக்கும் கோழிக் கொட்டகைக்கும் மட்டும் இது சரிவராது. சாணம், எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். வீட்டோடு ஒட்டித் தொழுவம் இருப்பவர்கள் அந்தப் பகுதிக்கு வேறு யோசிப்பது நல்லது.

அளவுக் கணக்கிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. மூன்றரை அடி அகல ஷீட் ஒன்றோடு ஒன்று ஏறி உட்கார்ந்தபின் மூடுவது சுமார் 3 அடி 4 அங்குலம்தான். காசு மூன்றரை அடிக்குக் கொடுக்கிறோம். 30 அடிக்கு 20 அடி வீடு, இரண்டு பக்கச் சரிவு, 10 அடிக்கு மூன்றரை அடி உயரம், சுற்றிலும் தாழ்வாரம் என்று வைத்துக்கொண்டால் சரிவு நீளம் 13 அடி வரும். பக்கத்துக்கு 10 என்று 20 ஷீட் வேண்டும், முகட்டுத் தகடு 32 அடிக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு முகட்டுத் தகட்டைச் சேர்க்கும்போது 6 அங்குலம் ஏறுவதால் இன்னொரு அடி கூடவே வாங்குங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு கவலை, ஷீட்டின் நீளம். ஷீட்டை எந்த நீளத்துக்கும் வெட்டித் தருவார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை பாறையிலும் தடுப்புச் சுவரிலும் உரசி, மடங்கிப்போய்தான் வீடு வந்து சேரும். வண்டியின் தொட்டி நீளத்துக்குள் ஷீட்டை அடக்குங்கள். சரிவு அதைவிட நீளமென்றால் இரண்டாக வெட்டி, சேரும் இடம் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் விழும்படி 8 அங்குலம் ஏற்றிப் போடலாம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் லோடு ஏற்றும் யோசனையையே விட்டுவிடுங்கள். கூரை பிரிக்க ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்குப் பிறகு கோடை இடிமழை எந்த மாலையும் வரலாம்.

அடுத்ததுதான் எங்கள் கணக்கில் மிக முக்கியமானது. மேலே சொன்ன வீட்டுக்கு மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 வீதம் 1,150 ஓடு வரும். எடை ஏறத்தாழ 3 டன். அதே கூரைக்கு ஷீட் வெறும் 350 கிலோ. சுமை குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஓட்டுக் கூரை இத்தனை காலம் காற்றில் பறக்காமல் நின்றது தன் எடையால்தான். பழைய வீடுகளில் சுவரின் மேல் படுத்திருக்கும் மரம் சுவரோடு கட்டப்பட்டே இருக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ஓட்டை எடுத்துவிட்டு ஷீட்டைத் திருகினால், திருகெல்லாம் கெட்டியாக இருக்க, கைமரம் சட்டம் எல்லாவற்றோடும் கூரை மொத்தமாக எழும்பும். ஆகவே ஓட்டிலிருந்து ஷீட்டுக்கு மாறுகிறவர்கள் சுவரின் தலையில் ஒரு கான்கிரீட் பட்டி ஓட்டி, அதில் 12 மி.மீ. போல்ட்டைப் புதைத்து, டிரஸ்ஸின், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தின், ஒவ்வொரு காலையும் அதில் பூட்டியாக வேண்டும். செங்கல் சுவரில் நேரே துளைபோட்டு போல்ட் அடித்தால் மேல் இரண்டு வரிசைச் செங்கலோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொட்டகை போடுபவர் தரும் மதிப்பீட்டில் இந்த வேலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற எதைக் குறைத்தாவது இதைச் சேருங்கள்.

பழைய மரச் சட்டத்தையே வைத்துக்கொள்ளலாமா? கோணலும் தொய்வும் இல்லாமல், கரையான் தொடாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஓடு தொய்வுக்கு ஏற்ப வளைந்து உட்காரும், ஷீட் உட்காராது. அரை அங்குலம் பள்ளமிருந்தாலும் அந்த இடத்தில் ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் சேர்ப்பு வாயைத் திறந்துகொள்ளும். ஓட்டுக்கு அடித்த மெல்லிய மரச் சட்டமான ரீப்பரிலும் ஷீட்டைத் திருகக் கூடாது, திருகு பிடிக்கும் கனம் அதற்குக் கிடையாது. சதுரக் குழாய் பர்லின் என்றால் 0.50 ஷீட்டுக்கு நாலு அடி இடைவெளி, 0.40-க்கு மூன்று அடி. தாழ்வாரத்து ஓரத்தில் இன்னும் நெருக்கம் வேண்டும்.

திருகுக்கு வருவோம். மொத்தச் செலவில் இதன் பங்கு மிகச் சிறியது, ஆனாலும் மிச்சம் பிடிக்க எல்லோரும் கைவைப்பது இதில்தான். தானே துளைபோடும் திருகு, 5.5 மி.மீ. கனம், 55 மி.மீ. நீளம், தலைக்கடியில் ஈ.பி.டி.எம். ரப்பர் ஒட்டிய வாஷர் என்று கேட்டு வாங்குங்கள். மலிவான வாஷர் சேலத்து வெயிலில் வெடித்துத் தூளாகிவிடும், பிறகு ஒவ்வொரு திருகும் ஒரு ஓட்டைதான். ஷீட்டின் மேட்டில் திருகுங்கள். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். மரத்தில் திருகுவதற்கு அகலப் புரி கொண்ட தனித் திருகு இருக்கிறது, இரும்புக்கான திருகு மரத்தில் நாளடைவில் தளர்ந்துவிடும். இறுக்கம் எப்படித் தெரியும்? ரப்பர் வாஷரின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். பிதுங்கி வெளியே வந்திருந்தால் அதிக இறுக்கம்; மேடு நசுங்கி அங்கே தண்ணீர் தேங்கும். கிளட்ச் உள்ள மெஷினால் இறுக்கினால் இந்தத் தொல்லை வராது. எண்ணிக்கையில் 100 சதுர அடிக்கு 40 திருகாவது விழ வேண்டும். காற்று அதிகம் பிடித்து இழுப்பது ஓரங்களைத்தான் என்பதால், தாழ்வாரத்துப் பர்லினிலும் முகட்டுப் பர்லினிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று கட்டாயம்.

மாலையில் ஆட்கள் இறங்கும்முன் கூரையைத் துடைப்பத்தால் கூட்டச் சொல்லுங்கள். துளைபோடும்போது விழும் இரும்புத் தூள் ஒரே இரவின் பனியில் துருப்பிடித்துப் பெயிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும். புது ஷீட்டில் ஒரு வாரத்தில் தெரியும் செம்புள்ளிகள் அநேகமாக இதுதான். ஷீட் மட்டம் என்று கடையில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. கட்டிங் மெஷினால் ஷீட்டை அறுப்பதும் இதே வகைப் பாவம். பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு எரிந்துவிடும். தகரக் கத்தரியால்தான் வெட்ட வேண்டும்.

சரி, வெப்பம். சேலத்துக்குக் கலர் ஷீட் தனியாக நிற்காது என்பதுதான் நேர்மையான மதிப்பீடு. ஏப்ரல் மதியத்தில் அடர்சிவப்பு, அடர்பச்சை ஷீட்டில் கைவைக்க முடியாது. வெள்ளையோ சந்தன நிறமோ எடுத்தால் கொஞ்சம் தேவலை. அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் போடுவதென்றால், பளபளக்கும் பக்கம் கீழே பார்த்து, அதற்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். இரண்டையும் ஒட்டிவிட்டால் அந்தத் தாளால் பலனில்லை. முக்கோணச் சுவரில் இரண்டு பக்கமும் ஜன்னல்போல் வலைபோட்ட திறப்பு வைத்தால், அடைபட்ட சூடு வெளியேறும். வசதி இருப்பவர்கள் 50 மி.மீ. பஃப் பேனலுக்கு (இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் வைத்தது) போகலாம்; சூடும் மழைச் சத்தமும் இரண்டுமே நன்றாகக் குறையும். குறை என்னவென்றால் ஃபோம் தெரியும் வெட்டு முனையைத் தகடு வைத்து மூடாவிட்டால் எலியும் அணிலும் குடியேறும். ஃபோம் எரியக்கூடியது, ஆகவே சமையலறைப் புகைபோக்கியை ஒட்டி வேண்டாம்.

ஏற்காட்டில் சிக்கல் நேரெதிர். அங்கே ஷீட் வேர்க்கும். பனிமூட்ட இரவில் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிச் சொட்டும், வீட்டுக்காரர் ஒழுகுகிறது என்று திருகையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பார். மழையில்லாத விடியற்காலையில் சொட்டினால் அது ஒழுகல் இல்லை. அடியில் ஃபோம் ஒட்டி, சேரும் இடங்களில் டேப் போட்டால் நிற்கும். மற்றபடி மலைக்குக் கலர் ஷீட் நல்ல பொருத்தம். குரங்கு குதித்து ஓட்டை நகர்த்துவது, பாசி பிடிப்பது, வருஷா வருஷம் ஓடு மாற்றுவது என்ற தொல்லை இதில் இல்லை. மரக்கிளை விழுந்தால் நசுங்கும், அந்த ஒரு ஷீட்டை மாற்றிக்கொள்ளலாம். இறக்கிய சரக்கை மட்டும் உடனே போட்டுவிடுங்கள். அடுக்கி வைத்த ஷீட்டுகளுக்கிடையே ஈரம் புகுந்தால் பூச்சு கறுத்துவிடும்.

பிரிக்கப்போவது பழைய சிமெண்ட் ஷீட் என்றால் நிதானமாகச் செய்ய வேண்டும். அதில் பெரும்பாலும் கல்நார் இருக்கும். உடைத்தாலோ அறுத்தாலோ கிளம்பும் தூசு பல ஆண்டு கழித்து நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி போல்ட்டை வெட்டியெடுத்து, ஷீட்டை முழுதாக இறக்கிக் கெட்டியான பாலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கு பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம் வேண்டும், என்95 போதாது. நனைந்த ஷீட் வழுக்கும், பழைய ஷீட் காலடியில் நொறுங்கும். குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். உடைந்த துண்டைத் திருமணிமுத்தாற்றுக் கரையில் கொட்டுவது குற்றம். மாநகராட்சியிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ கேட்டு ஒப்படையுங்கள்.

சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பிவிடுவது இங்கே வழக்கம். ஈரச் சிமெண்ட்டின் காரம் அலுமினியப் பூச்சை அரிக்கும்; தகடு வெயிலில் நீண்டு சுருங்கும்போது கலவையும் விரிசல் விடும். சுவரில் ஒரு அங்குலம் பள்ளம் வெட்டி, மூடுதகட்டை அதில் செருகி, மேலே சிலிக்கான் அடைக்க வேண்டும். புளிச்ச காடி வாடை அடிக்கும் சிலிக்கான் அமிலம் கக்குவது, உலோகத்துக்கு ஆகாது. நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். கூரைத் தண்ணீர் வடியும் குழாய்க்கும் ஒரு கணக்கு: மணிக்கு 100 மி.மீ. மழையில் 650 சதுர அடிக் கூரை நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். அதற்கு 4 அங்குலக் குழாய் ஒன்று போதும். சில்வர் ஓக் மரத்தடி வீடென்றால் குழாயின் வாயில் வலையும் போடுங்கள்.

உத்தரவாதம் பெரும்பாலும் பூச்சுக்குத்தான். வெட்டிய விளிம்புக்கும் மட்டமான திருகால் வந்த துருவுக்கும் பொருந்தாது. ஷீட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் வரியைப் படமெடுத்து, ஜி.எஸ்.டி. பில்லோடு வைத்திருங்கள். வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பால் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மெல்ல மேலே முகடுவரை தண்ணீர் பாய்ச்சுங்கள், ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். மேலிருந்து ஊற்றினால் எந்தச் சேர்ப்பில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆட்களின் பாக்கிக் கூலியை அந்தச் சோதனை முடிந்தபின் கொடுங்கள்.