ஸ்கில் பில்டர்: ஏடபிள்யூஎஸ் ஆர்கிடெக்ட் பரீட்சைக்குப் போதுமா?

ஏடபிள்யூஎஸ் என்பது அமேசனின் கிளவுட் சேவை. அதன் சொல்யூஷன்ஸ் ஆர்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ்ப் பரீட்சைக்கு அமேசனின் சொந்தப் படிப்புத் தளம் ஸ்கில் பில்டர். இலவசப் பகுதி நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பிப் பரீட்சைக்குப் பதியக்கூடாது.

பரீட்சையில் 65 வினாக்கள், 130 நிமிடங்கள், 1000க்கு 720 எடுத்தால் சித்தி. கட்டணம் 150 டொலர். இலவசமாகக் கிடைக்கும் 20 அதிகாரபூர்வ மாதிரி வினாக்கள்தான் தளத்தின் சிறந்த பகுதி. பிழையான விடை ஏன் பிழை என்றும் விளக்குகிறார்கள். விரிவுரை வீடியோக்கள் அந்த அளவுக்கு இல்லை. ஒவ்வொரு சேவையாக அறிமுகம் செய்துவிட்டுப் போகின்றன. பரீட்சை கேட்பதோ, எந்த இடத்தில் எந்தச் சேவையைத் தெரிவுசெய்வது என்பதை.

உதாரணமாக, பிரைவேட் சப்நெட்டில் (இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத வலைப்பகுதியில்) உள்ள சேர்வர், எஸ்3 என்ற கோப்புக் களஞ்சியத்திலிருந்து கோப்பு எடுக்கவேண்டும். இணையத்துக்கு வழிவிடும் நாட் கேட்வேயும் வேலை செய்யும், எஸ்3க்கு நேரே போகும் கேட்வே எண்ட்பொயின்டும் வேலை செய்யும். நாட் கேட்வேக்கு மணித்தியாலக் கட்டணம், அதற்குமேல் ஜிபிக் கணக்கில் இன்னொன்று. எண்ட்பொயின்டுக்குக் கட்டணமே இல்லை. வினாவில் 'குறைந்த செலவில்' என்று இருந்தால் விடை அங்கேயே முடிந்தது. செய்திகளை வரிசையில் வைத்து வேலை செய்யும் சேர்வர்களுக்கு (வேர்க்கர்களுக்கு) கொடுக்கும் எஸ்கியூஎஸ்ஸும் இப்படித்தான்: ஒருவர் எடுத்த செய்தியை மற்றவர்களுக்கு மறைத்து வைக்கும் நேரமான விசிபிலிட்டி டைம்அவுட் வழமையாக 30 செக்கன். வேலை முடிய 2 நிமிடம் எடுத்தால், அதே செய்தி இன்னொரு வேர்க்கரிடம் போய் இரண்டு தடவை செயற்படுத்தப்படும். சேர்வரைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது, டைம்அவுட்டைக் கூட்டவேண்டும்.

இதெல்லாம் சொந்த ஏடபிள்யூஎஸ் கணக்கில் கட்டிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். சேர்வர்கள் இருக்கும் இடமாக (ரீஜன்) மும்பையைத் தெரிவுசெய்யுங்கள். முதல் வேலையாக பட்ஜெட் அலேர்ட் போடுங்கள்; அது எச்சரிக்குமே தவிர செலவை நிறுத்தாது. நாட் கேட்வேயை அழித்தாலும் அதற்கு எடுத்த எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான பொது முகவரி கணக்கிலேயே கிடக்கும், அதைத் தனியாக விடுவிக்கவேண்டும். ஏனென்றால் 2024 பெப்ரவரியிலிருந்து இப்படியான பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டொலர் அறவிடுகிறார்கள்.

கொழும்புக்குப் பஸ் ஏறாமல் மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே பரீட்சையை எழுதலாம். மேசை வெறுமையாக இருக்கவேண்டும், பரீட்சை நடக்கும்போது அறைக்குள் யாரும் வரக்கூடாது. மின்வெட்டில் லாப்டொப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கொரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். பதிவிலுள்ள பெயர் அடையாள ஆவணத்தோடு பொருந்தவேண்டும். நம்மவர்கள் முதலெழுத்தைப் போட்டு எழுதுவதால் இங்கே சிக்கல் வரும். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் பதியுங்கள்.

பலர் தவறவிடும் சலுகை ஒன்று: ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு மேலதிகமாக 30 நிமிடம் உண்டு. தமிழில் பரீட்சை இல்லாதபடியால் நமக்கு இது பெரிய உதவி. திகதி எடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும், ஏற்கெனவே பதிந்த பரீட்சைக்குச் சேர்க்கமாட்டார்கள்.

ஸ்கில் பில்டரின் மாதம் 29 டொலர் சந்தாவைத் தொடக்கத்திலேயே கட்டவேண்டாம். கடைசி மாதம் மட்டும் எடுத்து, 65 வினா முழுப் பயிற்சிப் பரீட்சையை நேரம் வைத்துச் செய்யுங்கள். அதில் தடுமாறினால் பதிவைத் தள்ளிப்போடுங்கள். உண்மைப் பரீட்சையில் தவறினால் 14 நாள் காத்திருந்து, 150 டொலரையும் திரும்பக் கட்டவேண்டி வரும்.