தட்டை அடியா, வி அடியா? நாகமரைத் தண்ணீருக்கு ஒரு படகு

படகு கட்டப் போகிறேன் என்றதும் தர்மபுரியில் பாதிப் பேர் கேட்டது இதைத்தான்: "எங்க ஓட்டப்போற, ராமக்காள் ஏரியிலயா?" கேலி நியாயம்தான். கடலைப் பார்க்க நமக்கு அரை நாள் பயணம். ஆனால் பென்னாகரம் தாண்டி, ஏரியூர் வழியாக நாகமரைக்கோ ஒட்டனூருக்கோ ஒருதரம் இறங்கிப் பாருங்கள். மேட்டூர் அணையின் பின்நீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். எதிர்க்கரையில் பண்ணவாடியும் கோட்டையூரும் சேலம் மாவட்டம். ஆளும் பைக்கும் மூட்டையும் விசைப்படகில்தான் அக்கரை போகின்றன. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தென்பெண்ணையில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது.

நானும் மச்சானும் சேர்ந்து 14 அடிப் படகு ஒன்று கட்டுகிறோம். மூன்று பேர் உட்கார வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், டாடா ஏஸில் ஏற்றி இறக்க வேண்டும். மச்சானுக்கு யூடியூபில் பார்த்த, அடிப்பாகம் ஆங்கில 'V' எழுத்துப் போலக் கூராக இறங்கும் படகும் 25 எச்.பி. மோட்டாரும் வேண்டும். எனக்கு வேறு யோசனை. ஆறு மாதச் சண்டையின் சாரம்தான் கீழே இருப்பது.

முதலில் பரிசலைத் தாண்டிவிடுவோம். ஒகேனக்கல் பரிசல் மூங்கில் பின்னலும் தாரும் சேர்ந்த அற்புதம்தான். பாறையில் இடித்தால் வளைந்து கொடுக்கும், தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்து நடக்கலாம். ஆனால் முன் எது பின் எது என்று இல்லாத வட்டத்தை மோட்டார் தள்ளினால் அது போகாது, சுற்றும். ஒரு சின்ன மோட்டாரைக் கட்டிப் பார்த்த ஆளை எனக்குத் தெரியும். நாலு சுற்று சுற்றிவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

படகின் அடிப்பாகத்துக்கு மிச்சம் மூன்று வடிவம். முழுத் தட்டை அடி, ஆழமான வி, முன்னால் வி-யாகக் கிளம்பிப் பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும் கலப்பு அடி. இரட்டை உடல் படகும் உண்டு. பிளைவுட் செலவு ஒன்றரை மடங்கு, டாடா ஏஸில் அகலம் இடிக்கும். அதை விட்டுவிட்டோம்.

தட்டை அடியின் பெரிய பலம், கொஞ்சம் தண்ணீர் போதும் என்பது. எங்கள் கணக்கு இது: படகு 85 கிலோ, மூன்று பேர் 200, மோட்டார் 30, பெட்ரோலும் சாமானும் 35. மொத்தம் 350 கிலோ. நாலடி அகலத் தட்டை அடி இந்தப் பாரத்தோடு மூன்று அங்குலம்தான் அமிழும். அதே அகலத்தில், இரு பக்கமும் 20 டிகிரி சரிந்த ஆழ வி கட்டினால் ஏழு அங்குலத்துக்கு மேல் இறங்கும். நாலு அங்குலம் பெரிய விஷயமா என்று மச்சான் கேட்டார். கரைச் சேற்றில் படகை இழுத்துப் பார்த்தவர் கேட்கிற கேள்வி இல்லை அது.

நின்றுகொண்டு வலை வீசுவதற்கும் தட்டை அடிதான். ஒரு ஓரத்துக்கு நகர்ந்தாலும் பலகை போல நிற்கும். ஆழ வி நின்ற இடத்தில் ஆடும். ஓடும்போதுதான் அதற்கு மரியாதை.

அந்த மரியாதையையும் மறைக்கக் கூடாது. ஆடிக் காற்றில் பின்நீர் குளம் போல இருக்காது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் குட்டை குட்டையாக, நெருக்கமாக அலை எழும்பும். அந்த அலையில் தட்டை அடி வேகமாகப் போனால் ஒவ்வொரு அலைக்கும் அறை விழும். முதுகெலும்பு கணக்கு வைத்துக்கொள்ளும். ஆழ வி கத்தி போல அறுத்துக்கொண்டு போகும். கடலில் அது ஜெயிப்பதற்குக் காரணம் இதுதான். நம் தண்ணீரில் தட்டை அடிக்கு ஒரே வைத்தியம், வேகத்தைக் குறைத்து ஒரு ஆளை முன்பக்கம் நகர்த்தி உட்கார வைப்பது.

கடற்கரையோரத்தில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். இங்கே நாங்கள் மூக்கு, வால் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். நல்ல சொல் கிடைத்த பிறகு விட மனசில்லை. இனி அணியம், அமரம்தான்.

கலப்பு அடியில் அணியம் கூராக இருப்பதால் அலையை ஓரளவு பிளக்கும், அமரம் தட்டையாக இருப்பதால் சீக்கிரம் எழும்பும். "எழும்புவது" என்று நான் சொல்வது, படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகாமல் அதன் மேலேறிச் சறுக்கிக்கொண்டு ஓடுவதை. இது நடக்காவிட்டால் 14 அடிப் படகுக்கு மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான் இயல்பான எல்லை. தண்ணீரில் அமிழ்ந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகம் வரும். அந்த எல்லையை மோதிய பிறகு எவ்வளவு பெட்ரோல் எரித்தாலும் படகு தன் அலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வாலை இறக்கி மூக்கைத் தூக்கும். அதைத் தாண்டி மேலேற, எடை குறைவாகவும் அமரம் தட்டையாகவும் இருக்க வேண்டும்.

கலப்பு அடியில் சிக்கல், கட்டுவது. பிளைவுட் ஒரு பக்கமாக வளையும். முறுக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். 6 மி.மீ. பலகை அணியத்தில் அந்த முறுக்குக்கு இணங்கும். 12 மி.மீ. இணங்காது, முறியும். அதனால் 6 மி.மீ. பலகையைத் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எபாக்ஸி பூசி, மேலே கண்ணாடி இழைத் துணி ஒட்டும் முறையை எடுத்தோம். 1962-ல் இங்கிலாந்தில் வடிவமைத்த மிர்ரர் என்ற சின்னப் பாய்ப்படகுதான் இந்தத் தையல் முறையை வீட்டுக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பலகை பற்றி ஒரு பாடம். எங்கள் முதல் படகு இரண்டே மழைக்காலத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. முத்திரையை நம்பி வாங்கிய தப்பு. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 710; சாதாரணப் பயன்பாட்டுக்கு ஐ.எஸ். 303. 710 என்றால் 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் பசை விடக் கூடாது. இந்தமுறை கடையில் கையளவு பிளைவுட் துண்டு ஒன்று வாங்கி வந்து, கொல்லைப்புற விறகடுப்பில் பழைய அண்டாவில் போட்டேன். "ரசம் எப்ப ரெடி?" என்று வீட்டில் கேட்டார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஓரம் வாய் பிளந்தது. அடுத்த கடைத் துண்டு மூன்று நாள் கொதித்தும் கல் மாதிரி கிடந்தது. வாங்கியது அதை.

இனி மோட்டார்.

மச்சானின் 25 எச்.பி.யை எடுத்துக்கொள்வோம். எழும்பி ஓடும் படகுக்கு குரௌச் சூத்திரம் என்று ஒன்று உண்டு: மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, எச்.பி.யால் வகுத்து, வர்க்கமூலம் பார்த்து, 150-ஐ அதால் வகுத்தால் மைல் கணக்கில் வேகம். 350 கிலோவுக்கு 10 எச்.பி. போட்டால் மணிக்கு 27 கிலோமீட்டர் வருகிறது. 25 எச்.பி. என்றால் மோட்டாரே கனம், அதைத் தாங்க அமரப் பலகையும் கனம், டேங்கும் பெரிசு. மொத்தம் 450 கிலோ என்று வையுங்கள், 38 கிலோமீட்டர். குதிரை இரண்டரை மடங்கு, வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஒரு கிலோமீட்டர் கடக்க இரண்டு நிமிஷம் 13 விநாடி ஆவது, ஒரு நிமிஷம் 35 விநாடி ஆகும். "அந்த நாப்பது செகண்டுல என்ன பண்ணுவீங்க மச்சான்?" என்றேன். "மீசைய முறுக்குவேன்" என்றார்.

எனவே 8-லிருந்து 10 எச்.பி. டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்பது அடுத்த சண்டை. 8 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் 30 கிலோவுக்குள் அடங்கும். ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைக்கலாம். அதே அளவு ஃபோர்-ஸ்ட்ரோக் பத்து கிலோ கூடுதல். டூ-ஸ்ட்ரோக்கை நம் ஊர் ராஜ்தூத், யமஹா மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் பெட்ரோலில் கால் பங்கு வரைக்கும் எரியாமலே புகைப்போக்கி வழியாக வெளியே போகும். படகு மோட்டாருக்குப் புகைப்போக்கி தண்ணீருக்குள். நம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் ஃபுளோரைடு என்று, ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிறோம். நாம் ஓட்டும் பின்நீர் அதற்குக் கீழே இருந்தாலும், மேட்டூர் தண்ணீரும் யாரோ குடிக்கிற தண்ணீர்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. 10 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு நாலு லிட்டர் வாக்கில் குடிக்கும், டூ-ஸ்ட்ரோக் ஐந்து. பத்து கிலோவைச் சுமப்பது என்று முடிவு.

இடையில் லாங்டெயில் பக்கமும் மனசு போனது. பவர் வீடரில் வருகிற மாதிரியான 196 சிசி பெட்ரோல் எஞ்சின், அதோடு ஆறடி நீளத் தண்டு, நுனியில் விசிறி. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் ஆகாயத்தாமரை அடைத்துச் சூடாகும் பயம் இல்லை. பாலக்கோட்டு உழவுக்கருவிக் கடையிலேயே உதிரி கிடைக்கும். விலை, அமரப் பலகையில் மாட்டும் வழக்கமான படகு மோட்டாரான அவுட்போர்டில் சின்னப் பங்கு. ஆனால் காது போகும், பின்னோக்கி ஓட்ட முடியாது, மூடாத விசிறி அமரத்துக்கு வெகுதூரம் பின்னால் சுற்றுகிறது. துறையில் பிள்ளைகள் குதித்து நீந்துகிற இடத்தில் அதைச் சுழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. ஆளில்லாத நீர், தனி ஆள், குறைந்த காசு என்றால் இதை அடிக்க வேறில்லை.

பேட்டரி மோட்டாரும் கேட்டுப் பார்த்தோம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர் ஆலைகளை வைத்துக்கொண்டு நாம் பெட்ரோலைப் பற்றிப் பேசுவதே வெட்கம்தான். ஆனால் 55 பவுண்டு தள்ளுவிசை மோட்டார் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும். 600 வாட், ஒரு எச்.பி. கூட இல்லை. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிக்கு முழு வேகத்தில் இரண்டு மணி நேரம். கே.ஆர்.பி. அணையில் காலையில் சத்தமில்லாமல் தூண்டில் போட இதைவிட நல்லது கிடையாது. ஆடிக் காற்றுக்கு எதிரே நாகமரையில் இதை நம்பிப் போனால் காற்று எந்தக் கரையைச் சொல்கிறதோ அந்தக் கரைதான்.

இத்தனை கணக்கும் போட்டும் அடியைப் பற்றி முடிவு வராமல்தான் இருந்தது. முடித்து வைத்தது துறையில் படகு ஓட்டும் பெரியவர். மச்சான் போனில் படம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது தம்பி. தண்ணி இருக்கற அன்னிக்கு எந்தப் போட்டும் ஓடும். தண்ணி எறங்கிப்போன அன்னிக்கு எத்தினி பேரு சேந்து இதத் தூக்குவீங்க?" என்றார்.

மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி வாக்கில் கிடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் 120-ஐத் தொட்டது. தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் முழுகிக் கிடந்த நந்தி சிலை வெளியே வந்து உட்காரும். கரை உள்ளே ஓடிப்போகும். வண்டி நிற்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த சேறும் கருவேல முள்ளும் பாறையும்தான். 85 கிலோ தட்டைப் படகை உருளைக் கட்டை போட்டு இரண்டு பேர் நகர்த்தலாம். கூர் அடி உருளையில் நிற்காது, ஒருக்களித்துச் சாயும். அதற்கு டிரெய்லர் வேண்டும், டிரெய்லருக்கு ரோடு வேண்டும். அன்றோடு ஆழ வி போனது. அணியத்தில் வி, அமரத்தில் தட்டை, 6 மி.மீ., 10 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக்.

ஓட்டுவதற்கு முன் நீர்வளத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் அனுமதி கேளுங்கள். மோட்டார் பொருத்திய படகு 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குள் வரும். லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக அமரப் பலகையின் உயரம். அவுட்போர்டு 15 அங்குலத் தண்டிலும் 20 அங்குலத் தண்டிலும் வரும். விசிறிக்கு மேல் இருக்கும் அகலத் தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ அதிகபட்சம் ஒரு அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே போனால் விசிறி காற்றைக் குடித்து வெறுமனே கத்தும். கீழே போனால் பாறையைத் தேடும். போன ஞாயிறு 15 அங்குலத்துக்குக் கோடு போட்டு ஜிக்சாவால் அறுத்துவிட்டேன். அறுத்த துண்டை மச்சான் எடுத்துத் துடைத்து அட்டத்தில் வைத்திருக்கிறார். நாளைக்குப் பெரிய மோட்டார் வாங்கினால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாமாம்.