ழான்-லூயி ஷாவ் எர்மிட்டாஜ் வெள்ளை: ஜில்லென்று குடித்தால் பிடிபடாத ஒயின்

எர்மிட்டாஜ் குன்றின் வெள்ளை ஒயினைக் குடித்து ஏமாந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை டிகிரியில் ஊற்றினீர்கள் என்பதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணம் எழும்பாது. நாக்கில் லேசான கசப்பும் தொண்டையில் ஆல்கஹாலின் காரமும் மட்டும் நிற்கும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அதே பாட்டில் 13 டிகிரிக்கு ஏறியதும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போதே ஆள் மாறியிருப்பது தெரியும்.

ஷாவ் குடும்பத்தின் நிலவறை இருப்பது பிரான்ஸின் வட ரோன் பகுதியில், மோவ் என்ற சிற்றூரில். 1481 முதல் தகப்பனுக்குப் பின் மகன் என்று இதே தொழில். லேபிளிலும் அந்த ஆண்டைப் போடுகிறார்கள். 1970இல் ழெரார் ஷாவ் பொறுப்பேற்றார். 1990களில் அவர் மகன் ழான்-லூயி கைக்கு வந்தது. எர்மிட்டாஜ் குன்று ரோன் ஆற்றின் எதிர்க்கரையில், தான்-லெர்மிட்டாஜ் என்ற ஊருக்கு மேலே தெற்கு பார்த்து நிற்கிறது. குன்றின் திராட்சை நிலம் முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 135 ஹெக்டேர்தான். அதில் ஷாவ் வீட்டுக்கு 15 ஹெக்டேர் போல. வெள்ளைத் திராட்சை நிற்பது சுமார் 5 ஹெக்டேரில். சரிவு செங்குத்தானது என்பதால் பெரும்பகுதி வேலை கையால்தான் நடக்கும். கடையில் இது எளிதில் கண்ணில் படாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கலவை என்று பார்த்தால் இரண்டே ரகம்: மார்சான், ரூசான். இந்த வெள்ளைக்குச் சட்டம் அனுமதிப்பதும் இவை இரண்டை மட்டுமே. ஷாவ் வெள்ளையில் மார்சான் 80 சதவீதத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம். மார்சான் உடம்பைக் கொடுக்கும்: கனம், எண்ணெய் போன்ற வழவழப்பு, பேரிக்காய், பாதாம், தேன்மெழுகு. புளிப்பு குறைவு. ரூசான் மணத்தைக் கொடுக்கும்: மூலிகைத் தேநீர், ஆப்ரிகாட், கூடவே கொஞ்சம் புளிப்பு. அப்படியானால் ரூசானைக் கூட்டினால் என்ன? அது வளர்ப்பவரைப் படுத்தும் செடி. சாம்பல் நோய் சீக்கிரம் பிடிக்கும், காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். வட ரோனில் பலர் மார்சானுக்கு மாறியது அதனால்தான். குறைவாக இருந்தாலும் ரூசானின் பங்கு வாயில் தெரியும். முழு மார்சான் ஒயினில் நடுவாயில் வரும் மந்தம் இதில் வருவதில்லை.

ஆனால் ரக விகிதத்தை வைத்து இந்த ஒயினை அளந்தால் பாதிதான் கிடைக்கும். இங்கே கலக்கப்படுவது நிலத் துண்டுகள். ரோக்கூல், பெலியா, மெஸோன் பிளான்ஷ், லெர்மிட் என்று பெயருள்ள பாத்திகளின் திராட்சையைத் தனித்தனியாக நொதிக்க வைத்து, தனித்தனியாக வளர்த்து, கடைசியில்தான் சேர்க்கிறார்கள். குன்றின் மேற்கில் கருங்கல் மண். கிழக்கே போகப் போகக் கூழாங்கல், களிமண், சுண்ணாம்பு, காற்று கொண்டுவந்து படிந்த வண்டல் என்று மாறிக்கொண்டே போகும். ரோக்கூல்தான் முதுகெலும்பு, சதையும் பலமும் அங்கிருந்து வருகின்றன. பெலியா மென்மைக்கு, லெர்மிட் விழுங்கிய பின்னும் சுவை நிற்கும் நீளத்துக்கு. அதே குன்றில் ஒயின் செய்யும் ஷப்பூத்தியே வீட்டார் இதற்கு நேர் எதிர்: லெர்மிட், மெயால் என்று பாத்திக்கு ஒரு பாட்டிலாக, முழு மார்சானில் போடுகிறார்கள். அவற்றைத் தனித்தனியாகக் குடிப்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆனால் ஷாவின் பாட்டிலில் எந்தப் பாத்தியும் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. எங்கள் ஓட்டு கலப்பதற்கே.

குடிக்கும் காலம்தான் இதில் மிகப் பெரிய சிக்கல். திராட்சை பறித்த ஆண்டிலிருந்து நான்கைந்து ஆண்டு வரை ஒயின் திறந்த மனதோடு இருக்கும்: வெண்ணெய், பழுத்த பேரிக்காய், சோம்பு, பீப்பாயின் மெல்லிய வறுவல் வாசனை. அதன் பிறகு வாயை மூடிக்கொள்ளும். ஆறிலிருந்து பன்னிரண்டு ஆண்டு வரை மணம் அடங்கி, நிறம் ஏறி, ஏதோ காற்றுப் பட்டுக் கெட்டதுபோல்கூட இருக்கும். இந்தக் கட்டத்தில் திறந்தவர்கள் பலர் நல்ல ஒயினைச் செத்ததாக நினைத்துக் கொட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு, பதினைந்து தாண்டியதும் வறுத்த ஹேசல்நட், தேன்மெழுகு, குங்குமப்பூ, உலர்ந்த ஆப்ரிகாட் என்று திரும்பி வரும். இனிப்பு எதுவும் மீதமில்லாத ஒயின் தேன் மணக்கும்போது நாக்கு ஒரு கணம் தடுமாறும். புளிப்பு குறைந்த வெள்ளை இத்தனை ஆண்டு தாங்குவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. தாங்குவது அதன் செறிவும், தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பும்தான். இளம் ஒயினில் கடைசியில் நிற்கும் அந்த மெல்லிய கசப்பைக் குறையாக எண்ண வேண்டாம். பிற்காலத்துக்கான முதலீடு அது.

பரிமாறும் முறையைச் சொல்லிவிடுகிறோம். இளம் பாட்டிலானால், குடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்து டிகாண்டரில் (ஒயினுக்குக் காற்றுப் பட வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள். 12 டிகிரி தொட்டதும் டிகாண்டரைக் குழாய்த் தண்ணீரில் நாலைந்து ஐஸ் கட்டி போட்டு அதில் நிறுத்தினால் 14க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். ஐஸ் நிரம்பிய வாளி வேண்டாம். மறுபடியும் மணத்தை அமுக்கிவிடும். 16 டிகிரியைத் தாண்ட விட்டால் எதிர்ச் சிக்கல்: வெயில் ஆண்டுகளில் ஆல்கஹால் 14.5, 15 சதவீதம் வரை போகும், மூக்கில் சுடும். வாய் அகன்ற பெரிய கிளாஸ், அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். இருபது ஆண்டு தாண்டிய பாட்டிலை டிகாண்டரில் நெடுநேரம் விடாதீர்கள். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடங்கிய பின் நேராகக் கிளாஸில் மெதுவாக ஊற்றினால் போதும்.

பாட்டில் கெட்டதா, மூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நேரம்தான் கருவி. ஒரு கிளாஸ் ஊற்றி 40 நிமிடம் தொடாமல் வையுங்கள். மூடிய ஒயினானால் காற்றுப் படப் படத் தெளியும். முதலில் பாதாம், பிறகு தேன் வரும். தக்கைக் கோளாறானால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை கூடிக்கொண்டே போகும். உண்மையாகவே காற்று புகுந்து கெட்டிருந்தால், அடிபட்ட ஆப்பிளின் வாசனை அப்படியே நிற்கும், நடுவாய் காலியாக இருக்கும், பழுப்பும் தெரியும். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வயதான மார்சானுக்கு ஆழ்ந்த பொன்னிறம் இயல்பு.

வாங்கும்போது லேபிளை நிதானமாகப் படியுங்கள். 'டொமேன் ழான்-லூயி ஷாவ்' என்பது சொந்தத் தோட்டத்து ஒயின். 'ஜே. எல். ஷாவ் செலெக்ஷன்' என்பது அதே மனிதர், மற்றவர்களிடம் வாங்கும் சரக்கையும் சேர்த்து நடத்தும் தனி வரிசை. அதில் வரும் எர்மிட்டாஜ் வெள்ளைக்கு 'பிளான்ஷ்' என்று பெயர். அதுவும் நல்ல ஒயின், சீக்கிரம் குடிக்கத் தோதானது. ஆனால் இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அப்படி விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பாட்டிலில் ஒயின் கழுத்துக்குக் கீழே தோள் வரை இறங்கியிருந்தாலோ, தக்கை மேலெழும்பியிருந்தாலோ விட்டுவிடுங்கள். 2003 போன்ற கடும் வெயில் ஆண்டில் கனம் கூடுதல், புத்துணர்ச்சி குறைவு. குளிர்ச்சியான 2014 வெள்ளைக்கு நல்ல ஆண்டு. ஒற்றைப் பாட்டில் வாங்குவதைவிட இரண்டு வாங்கி, ஒன்றை நான்கு வயதுக்குள் திறந்து, மற்றதை 12, 13 டிகிரியில் படுக்க வைத்துப் பதினைந்து வயது வரை மறந்துவிடுவது மேல்.

சாப்பாட்டுக்கு முன் வெறும் வாயில் குடிக்க இது ஏற்றதல்ல. எலுமிச்சைப் புளிப்பை எதிர்பார்ப்பவருக்கும் பிடிக்காது. வெண்ணெயில் சமைத்த லாப்ஸ்டர், காளானும் க்ரீமும் சேர்த்த கோழி, நன்றாக முதிர்ந்த கோந்தே சீஸ்: இந்தக் கனமுள்ள உணவு வந்தால்தான் ஒயின் தன் இடத்தில் உட்காரும். வினிகர் ஊற்றிய சாலட் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் போலாகிவிடும்.

மீந்ததைத் தக்கையால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளம் ஒயின் இரண்டு நாள் கெடாது. முதல் நாள் மூக்கில் முன்னால் நின்ற பீப்பாய் வாசனை, மறுநாள் மாலை பேரிக்காய்க்குப் பின்னால் போயிருக்கும்.